இருமுறை அகப்பட்ட ஒரே பிழை: ஒய்86 பைப்லைன் செயலியைச் சரிபார்த்தது குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராண்டல் பிரயன்ட்டும் டேவிட் ஓ'ஹாலரனும் எழுதிய 'கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ்: எ புரோகிராமர்ஸ் பெர்ஸ்பெக்டிவ்' என்ற பாடநூல், 1998இல் அங்கே தொடங்கப்பட்ட ஒரு அறிமுகப் பாடத்திலிருந்து வளர்ந்தது. கணினியைக் கட்டுகிறவரின் பக்கம் நின்று பேசாமல், அதில் நிரல் எழுதுகிறவரின் பக்கம் நின்று பேசுவது அதன் தனித்தன்மை. நான்காம் அத்தியாயம் மட்டும் அந்த வழக்கத்திலிருந்து விலகி, ஒய்86 என்ற சிறிய கட்டளைத் தொகுப்பை, அதாவது ஒரு செயலி புரிந்துகொள்ளும் கட்டளைகளின் பட்டியலை, வகுத்துக்கொண்டு, அதற்கு ஒரு செயலியை அடியிலிருந்து கட்டிக் காட்டுகிறது. அந்தச் செயலி சரியாக இயங்குகிறது என்பதை நூலாசிரியர் கணிதவழியில் நிரூபிக்க முயன்றதும், அப்போது கிடைத்த ஒரே ஒரு பிழையும்தான் இந்த ஆய்வின் பொருள்.

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில், வாளையாருக்கு அருகே உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி அமைப்பியல் நடத்துபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எங்கள் வகுப்பில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளிலிருந்து தமிழ்வழியில் படித்து வந்தவர்களும், பாலக்காட்டு நகரத்து மலையாளிகளும், எல்லை தாண்டிப் பொள்ளாச்சியிலிருந்து பேருந்தில் வந்துபோகிறவர்களும் கலந்திருப்பார்கள். இவர்களில் கணிசமானோர் சிப் வடிவமைப்பு நிறுவனங்களில் வெரிஃபிகேஷன் வேலைக்குப் போக நினைப்பவர்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலியும் திருவனந்தபுரம் சி-டாக்கின் வேகா செயலியும் அவர்களுக்குப் பெயரளவிலாவது தெரியும். ஆனால் 'வெரிஃபிகேஷன்' என்றதும் அவர்கள் மனதில் எழுவது, ஆயிரக்கணக்கான சோதனை நிரல்களை ஓட்டிவிட்டுப் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்கும் வேலைதான். அந்த எண்ணத்தைச் சற்று அசைத்துப் பார்க்க இந்த நிகழ்வைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. இதில் வரும் செயலி முழுவதும் ஒரு பருவத்துக்குள் படித்து முடிக்கும் அளவினது. அதன் கட்டுப்பாட்டுத் தர்க்கம் ஒரு சில பக்கங்களில் அடங்கிவிடுகிறது.

செயலியின் அமைப்பு

நூலில் இரண்டு வடிவமைப்புகள் வருகின்றன. முதலாவது 'சீக்' எனப்படுவது; ஒரு கட்டளையை எடுத்து, முற்றிலும் முடித்துவிட்டு, அதன் பிறகே அடுத்ததைத் தொடும். இரண்டாவது 'பைப்', எடுத்தல், பிரித்தறிதல், இயக்கல், நினைவகம், திரும்ப எழுதுதல் என்று ஐந்து கட்டங்களில் ஒரே நேரத்தில் ஐந்து கட்டளைகளை வைத்துக்கொண்டு ஓடும். இந்த ஏற்பாடுதான் பைப்லைன். மெதுவானதாக இருந்தாலும் 'சீக்' செயலியின் நடத்தையில் குழப்பத்துக்கு இடமில்லை. 'பைப்' செயலியோ வேகத்துக்காகக் கட்டளைகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஓட்டுவதால், முன்னே போகும் கட்டளை இன்னும் எழுதி முடிக்காத ரிஜிஸ்டரை, அதாவது செயலிக்குள் மதிப்பை வைக்கும் சிறு இடத்தை, பின்னே வருவது படித்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அதன் கட்டுப்பாட்டுத் தர்க்கத்தின் தலையில் விழுகிறது. பெரும்பாலான இடங்களில் மதிப்பை முன்கூட்டியே பின்னுக்கு அனுப்பிச் சமாளித்துவிடலாம். அது முடியாத இடங்களில் ஒரு கட்டளையை அதே கட்டத்தில் ஒரு சுழற்சி, அதாவது செயலிக் கடிகாரத்தின் ஒரு துடிப்பு நேரம், நிறுத்திவைப்பது 'ஸ்டால்'; ஒரு கட்டத்தில் வெற்றுக் கட்டளையை நுழைப்பது 'பபிள்'.

'ஸ்டால்' அல்லது 'பபிள்' தேவைப்படும் முக்கிய நிலைமைகள் மூன்று. நினைவகத்திலிருந்து ஒரு மதிப்பை ஏற்றும் கட்டளைக்கு உடனடியாகப் பின்னால் வருவது அதே மதிப்பைக் கேட்பது ஒன்று. 'ரெட்' கட்டளை, அதாவது அழைத்த இடத்துக்குத் திரும்பும் கட்டளை, வருவது இன்னொன்று. நிபந்தனைத் தாவல், அதாவது ஒரு நிபந்தனை நிறைவேறினால் மட்டும் வேறிடம் போகும் கட்டளை, போகும் வழியைத் தவறாகக் கணித்துவிடுவது மூன்றாவது. இவை தனித்தனியாக வரும்போது என்ன செய்ய வேண்டும் என்பது ஒரு சிறிய அட்டவணையில் அடங்கிவிடும். சிக்கல், இவற்றில் இரண்டு ஒரே சுழற்சியில் கூடும்போது எழுகிறது. அவ்வாறு கூடக்கூடியவை இரண்டே சேர்க்கைகள் என்று நூல் காட்டுகிறது. அவற்றில் 'பி' என்று பெயரிடப்பட்டதுதான் நம் கதையின் மையம்.

சேர்க்கை 'பி'

ஸ்டாக் என்பது திரும்பும் முகவரி போன்றவற்றை அடுக்கி வைக்கும் நினைவகப் பகுதி; அதன் உச்சியைக் காட்டும் ரிஜிஸ்டர் ஸ்டாக் பாயின்டர். நினைவகத்திலிருந்து அந்த ஸ்டாக் பாயின்டருக்கே ஒரு மதிப்பை ஏற்றும் கட்டளை இயக்கல் கட்டத்தில் இருக்கிறது என்று கொள்வோம். அதற்கு நேர் பின்னால், பிரித்தறியும் கட்டத்தில் 'ரெட்' நிற்கிறது. 'ரெட்' தன் திரும்பும் முகவரியை ஸ்டாக் பாயின்டர் காட்டும் இடத்திலிருந்துதான் எடுக்கும். அந்த ஸ்டாக் பாயின்டரோ இன்னும் நினைவகத்திலிருந்து வந்து சேரவில்லை. ஆகவே முதல் விதியின்படி 'ரெட்' பிரித்தறியும் கட்டத்திலேயே ஒரு சுழற்சி நிற்க வேண்டும். அதாவது அந்தக் கட்டத்துக்கு 'ஸ்டால்'. ஆனால் இரண்டாம் விதி வேறு ஒன்றைச் சொல்கிறது. 'ரெட்' பைப்லைனுக்குள் இருக்கும் வரை அடுத்து எங்கே போவது என்பது தெரியாது. எனவே அதற்குப் பின்னால் எடுக்கப்பட்ட எந்தக் கட்டளையும் உள்ளே வந்துவிடாதபடி பிரித்தறியும் கட்டத்தில் 'பபிள்' நுழைக்கப்பட வேண்டும். இப்படி, இரண்டு கட்டங்களுக்கு இடையே நிற்கும் ஒரே பைப்லைன் ரிஜிஸ்டருக்கு ஒரே நேரத்தில் 'அப்படியே நில்' என்றும் 'உள்ளதை அழித்து வெற்றாக்கு' என்றும் இரண்டு ஆணைகள் போகின்றன.

சரியான தீர்வு, முதல் விதி வெல்வதும் 'ரெட்' விதி ஒரு சுழற்சி காத்திருப்பதும்தான். தவறிப்போய் 'பபிள்' வென்றால் என்ன ஆகும் என்பதைக் கரும்பலகையில் சுழற்சி சுழற்சியாக எழுதிப் பார்ப்பது நல்லது. அழிக்கப்படுவது 'ரெட்' கட்டளையேதான். அடுத்த சுழற்சியில் பைப்லைனுக்குள் 'ரெட்' என்று எதுவுமே இல்லை. ஆகவே அதன் விதியும் ஓய்ந்துவிடும். எடுக்கும் கட்டம் தான் பிடித்து வைத்திருந்த முகவரியிலிருந்து, அதாவது 'ரெட்' இருந்த இடத்துக்கு அடுத்த பைட்டிலிருந்து, மறுபடி எடுக்கத் தொடங்கும். செயற்கூறு தன்னை அழைத்தவரிடம் திரும்பாமல், நினைவகத்தில் அதற்குக் கீழே தற்செயலாக எழுதப்பட்டிருக்கும் வேறு ஏதோ செயற்கூறுக்குள் வழுக்கிப் போய்விடும். எந்தப் பிழைச் செய்தியும் எழாது.

சாதாரண நிரல்களில் இந்த ஜோடி அநேகமாக வராது. நிரலைக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் இப்படி எழுதுவதில்லை. ஆனால் ஸ்டாக் பாயின்டரை நினைவகத்திலிருந்து ஏற்றிவிட்டுச் சற்று நேரத்தில் திரும்புவது, ஒரு செயல்முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இயக்க முறைமையின் நெஞ்சுக்கூட்டுக்குள் நடக்கும் வேலை. அங்கே இப்படி ஒன்று நேர்ந்தால் அதைத் தேடிப் பிடிக்கப் புறப்படுகிறவர் வன்பொருளைக் கடைசியாகத்தான் சந்தேகிப்பார்.

நூலாசிரியர்களின் முதல் வடிவமைப்பிலேயே இந்தப் பிழை இருந்தது. பல சோதனைகளைத் தாண்டிவந்த அந்தச் செயலியில் இது ஒளிந்திருந்தது என்றும், மூன்று நிலைமைகளும் எப்படியெல்லாம் கூடலாம் என்று காகிதத்தில் முறையாக அலசியபோதுதான் வெளிப்பட்டது என்றும் அவர்களே நூலில் ஒப்புக்கொள்கிறார்கள். பாடநூல்களில் இது அபூர்வம். திருத்திய வடிவத்தை மட்டும் அச்சிட்டுவிட்டு நகர்ந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

சோதனைகள் எவ்வளவு தூரம் போகும்

மூன்றாம் பதிப்பில் விவரிக்கப்படும் சோதனைத் தொகுப்பு ஏனோதானோவென்று செய்யப்பட்டதன்று. கட்டளை ஒவ்வொன்றையும் வெவ்வேறு ரிஜிஸ்டர்களோடு ஓட்டும் சோதனைகள் 49, தாவல்களுக்கும் அழைப்புகளுக்கும் 64, தரவு மோதல்களுக்கு மட்டும் 600, கட்டுப்பாட்டுச் சேர்க்கைகளுக்கு 22 என்று ஸ்கிரிப்டுகள் தாமாகவே நிரல்களை உற்பத்தி செய்து, ஓட்டி, விளைவை, கட்டளைத் தொகுப்பை மென்பொருளில் நடத்திக் காட்டும் போலியாக்கியின் விளைவோடு ஒப்பிடுகின்றன. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தால் இடைவெளி புலப்படும். ஒய்86-64இல் கட்டளை வகைகள் 12. ஐந்து கட்டங்களிலும் ஐந்து கட்டளைகள் நிற்கும் நிலையை மட்டும் எடுத்துக்கொண்டால், வகைகளின் வரிசைகளே 2,48,832. இதில் 15 ரிஜிஸ்டர்களில் எது எங்கே வருகிறது, தாவல் எடுக்கப்பட்டதா இல்லையா, நினைவகத்தில் என்ன இருந்தது என்பதெல்லாம் இன்னும் சேரவில்லை.

இங்கேதான் பிரயன்ட்டின் மற்றொரு வாழ்க்கை உள்ளே வருகிறது. நிரலாளருக்கான பாடநூல் எழுதியவர் என்று மாணவர்கள் அறிந்திருக்கும் அவர், வன்பொருள் சரிபார்ப்புத் துறையில் அதற்கு வெகு காலம் முன்பே பெயர் பெற்றவர். பூலியன் சார்புகளை வரிசைப்படுத்தப்பட்ட முடிவு வரைபடங்களாகச் சுருக்கி வைத்துக் கையாளும் வழியை 1986இல் அவர் வெளியிட்ட கட்டுரை, பிற்பாடு சிப் நிறுவனங்களின் சரிபார்ப்புக் கருவிகளுக்கு அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. ஆகவே, தன் பாடநூலில் தானே கட்டிய செயலியைத் தன் துறையின் கருவியால் சோதித்துப் பார்ப்பது அவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. அந்த முயற்சி குறித்து 2005இல் கார்னகி மெலனில் ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளிவந்தது. அப்போது ஒய்86 இன்னும் 32 பிட் வடிவில் இருந்தது.

நிரூபணத்தின் வழி

அடிப்படை முறை, 1994இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜெரி பர்ச், டேவிட் டில் ஆகியோர் வெளியிட்டது. ஐந்து கட்டளைகளைப் பாதி பாதியாக வைத்திருக்கும் பைப்லைனை, எதையும் பாதியில் விடாத வரிசைச் செயலியான 'சீக்'கோடு எந்தத் தருணத்தில் ஒப்பிடுவது என்பதுதான் இதில் முதல் கேள்வி. அதற்கு அவர்கள் சொன்ன விடை, பைப்லைனைக் காலி செய்துவிட்டு ஒப்பிடுங்கள் என்பது. சரக்கு சேவை வரி வருவதற்கு முன் வாளையார் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நின்றதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: உள்ளே ஒவ்வொரு மேசையிலும் ஒரு லாரியின் தாள்கள் பாதியில் கிடக்கும்போது பேரேட்டைச் சரிபார்க்க முடியாது; புதிதாக ஒன்றையும் உள்ளே விடாமல், உள்ளே இருப்பவை எல்லாம் முடிந்து வெளியேறும் வரை பொறுத்திருந்தால் பேரேடு ஒரு நேரான நிலைக்கு வந்துவிடும்.

இதை இரண்டு வழிகளில் செய்து ஒப்பிட வேண்டும். பைப்லைன் ஏதோ ஒரு நிலையில் இருக்கிறது. அந்த நிலை எதுவாகவும் இருக்கலாம். ஒரு வழியில், அதை முதலில் ஒரு சுழற்சி ஓடவிட்டு, பிறகு காலி செய்து, ரிஜிஸ்டர்களையும் நினைவகத்தையும் குறித்துக்கொள்கிறோம். இன்னொரு வழியில், அதே தொடக்க நிலையிலிருந்து உடனே காலி செய்துவிட்டு, கிடைத்த நிலையை வரிசைச் செயலியிடம் கொடுத்து ஒரு கட்டளை ஓட்டச் சொல்கிறோம். இரண்டு விளைவுகளும் ஒத்துப்போக வேண்டும். அந்தச் சுழற்சியில் பைப்லைன் புதுக் கட்டளை எதையும் ஏற்கவில்லை என்றால், வரிசைச் செயலியும் எதையும் ஓட்டாமல் இருந்து ஒத்துப்போக வேண்டும். எந்தத் தொடக்க நிலைக்கும் இது பொருந்தும் என்று காட்டிவிட்டால், தொகுத்தறிதல் முறைப்படி எந்த நீளமுள்ள எந்த நிரலுக்கும் பொருந்தும். முடிவற்ற நிரல்களை ஓட்டிப் பார்க்கும் வேலை, ஒரு சுழற்சியைப் பற்றிய ஒரு பெரிய தர்க்க வாய்பாட்டைச் சரிபார்க்கும் வேலையாகச் சுருங்கிவிடுகிறது.

அந்த வாய்பாட்டைக் கையாளக்கூடிய அளவுக்குக் கொண்டுவர இன்னொரு துணிச்சலான படி தேவைப்பட்டது. ரிஜிஸ்டரில் 32 பிட்டுகள் இருக்கின்றன என்பதையே மறந்துவிட்டு, ஒவ்வொரு மதிப்பையும் ஏதோ ஒரு முழு எண் என்று மட்டும் கொள்வது. கணக்கிடும் அலகான ஏ.எல்.யூ.வை என்ன கணக்கிடுகிறது என்றே தெரியாத ஒரு மூடிய பெட்டியாக வைத்துவிடுவது. அந்தப் பெட்டியைப் பற்றி நமக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: ஒரே உள்ளீடுகளுக்கு ஒரே விடையைத் தரும், இரண்டு செயலிகளிலும் அதே பெட்டிதான் இருக்கிறது. பைப்லைனில் வரும் பிழைகள் கூட்டல் கழித்தலில் பிறப்பவை அல்ல. சரியான எண் சரியான நேரத்தில் சரியான இடத்துக்குப் போகாததில் பிறப்பவை. எண் என்ன என்று தெரியாமலே அதன் பயணத்தைத் தொடரலாம். இவ்வகை விளக்கங்களை ஏற்று ஆராயும் 'யூக்ளிட்' என்ற கருவியைப் பிரயன்ட் தன் மாணவர்களாக இருந்த ஷுவேந்து லஹிரி, சஞ்சித் சேஷியா ஆகியோருடன் 2002 வாக்கிலேயே உருவாக்கியிருந்தார்.

மூன்றாவது ஏற்பாடு சிறியது. ஆனால் நடைமுறை அனுபவம் உள்ளவர்கள் கண்டுகொள்ளக்கூடியது. நூலில் கட்டுப்பாட்டுத் தர்க்கம் எச்.சி.எல். என்ற எளிய மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. அதையே கையால் மறுபடி யூக்ளிட்டுக்காக எழுதினால், எழுதும்போதே பிழை திருத்தப்பட்டுவிடலாம், அல்லது புதுப்பிழை புகலாம். அப்போது நிரூபிக்கப்படுவது நூலில் உள்ள செயலியாக இராது. எனவே எச்.சி.எல். கோப்பிலிருந்து தானாகவே யூக்ளிட் விளக்கத்தை உண்டாக்கும் மொழிமாற்றி ஒன்று எழுதப்பட்டது. மாணவர் போலியாக்கியில் ஓட்டும் அதே வரிகள்தான் நிரூபணத்துக்கும் போயின.

கிடைத்தது என்ன

மூல 'பைப்' செயலியோடு, நூலின் பயிற்சிக் கணக்குகளாக வரும் பல மாற்று வடிவங்களும் சரிபார்க்கப்பட்டன. பல வார உழைப்பும், ஒவ்வொன்றும் 8 மணி நேரம் வரை நீண்ட ஓட்டங்களும் தேவைப்பட்டன. எல்லாவற்றிலும் சேர்த்துக் கிடைத்த பிழை ஒன்றே ஒன்று. அது மூலச் செயலியில் இல்லை. ஒரு பயிற்சிக் கணக்குக்கு ஆசிரியர்களே எழுதி வைத்திருந்த விடையில் இருந்தது. அந்தப் பிழையும் அதே சேர்க்கை 'பி' சார்ந்தது.

அந்தப் பயிற்சி சுவையானது. 'பாப்' கட்டளை ஸ்டாக்கிலிருந்து ஒரு மதிப்பை எடுத்து ஒரு ரிஜிஸ்டரில் எழுதுகிறது. கூடவே ஸ்டாக் பாயின்டரையும் உயர்த்தி எழுதுகிறது. ஒரே நேரத்தில் இரண்டு ரிஜிஸ்டர்களில் எழுத வேண்டிய ஒரே கட்டளை இதுதான் என்பதால், இதற்காக மட்டும் ரிஜிஸ்டர் கோப்புக்கு இரண்டாவது எழுதும் வாயில் வைப்பது வீண். ஒரே வாயிலோடு சமாளிக்க, 'பாப்' கட்டளையைச் செயலிக்குள்ளேயே இரண்டாக உடைக்க வேண்டும்: முதலில் ஸ்டாக் பாயின்டரை உயர்த்துவது, அடுத்த சுழற்சியில் அதே கட்டளையை மறுபடி எடுத்து, இம்முறை நினைவகத்திலிருந்து ஏற்றும் வேலையாக நடத்துவது. இந்த இரண்டாம் பாதி, மூல வடிவமைப்பில் இல்லாத ஒரு புது உள்வகைக் கட்டளை. சேர்க்கைகள் பற்றிய பழைய அலசல் மூலச் செயலிக்காகச் செய்யப்பட்டது. சோதனை ஸ்கிரிப்டும் அந்த அலசலைத் தொட்டு எழுதப்பட்டது. செயலி மாறியபோது, முன்பே கண்டு அடைத்த ஓட்டை வேறு பக்கத்தில் திறந்துகொண்டதை அந்த ஸ்கிரிப்ட் பார்க்கவில்லை. பிழை தெரிந்த பிறகு, கட்டுப்பாட்டுச் சேர்க்கைகளுக்கான சோதனைகளில் கூடுதல் நிலைகள் சேர்க்கப்பட்டன.

பல வாரம் பாடுபட்டு ஒரே பிழைதானா என்று மாணவர்கள் ஏமாற்றத்தோடு கேட்பதுண்டு. என் கணிப்பில் இந்த நிகழ்வின் பெறுமதி வேறிடத்தில் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட மூலையில் பிழை வரும் என்று தெரிந்து, அதைக் கையால் திருத்தி, அதற்கென்றே சோதனை எழுதி, நூலில் எச்சரிக்கையும் அச்சிட்டவர்களே அதே மூலையில் மறுபடி இடறியிருக்கிறார்கள். சோதனை எழுதுபவரின் கண்ணுக்குப் படுவதைத்தான் சோதனை பார்க்கும். நிரூபணத்துக்கு அந்தக் கண் தேவைப்படவில்லை.

நிரூபிக்கப்படாதவை

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வரும் ஒரு மாணவர் பாடத்தின் நடுவே எழுந்து, "சார், ஏ.எல்.யூ.வே தப்பாக் கூட்டுச்சுன்னா இது கண்டுபிடிக்குமா?" என்று கேட்டார். "கண்டுபிடிக்காதுப்பா. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தப்பாக் கூட்டினாச் சரின்னுதான் சொல்லும்" என்றேன். அவர் உட்காரவில்லை. "அப்ப பென்டியம்ல வந்தது?" என்று தொடர்ந்தார்.

கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. 1994இல் வெளிப்பட்ட பென்டியம் வகுத்தல் பிழையால் இன்டெல் 47.5 கோடி டாலரைச் செலவுக் கணக்கில் எழுத நேர்ந்தது. சிப் நிறுவனங்கள் ஃபார்மல் வெரிஃபிகேஷன், அதாவது கணிதவழிச் சரிபார்ப்பு, பக்கம் திரும்பியதற்கு அந்தப் பிழை ஒரு பெரிய காரணம். ஆனால் அது வகுத்தல் அலகின் அட்டவணையில் சில இடங்கள் விடுபட்டதால் வந்தது. ஏ.எல்.யூ.வை மூடிய பெட்டியாக வைக்கும் முறைக்கு அது கண்ணில் படாது. பிரயன்ட் அந்த வகை வகுத்தல் சுற்றைப் பிட் அளவில் இறங்கி ஆராய்ந்து 1996இல் தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார். அதற்குப் பயன்பட்டது முடிவு வரைபடங்கள். ஆக, ஒரே ஆளின் கையில் இரண்டு கருவிகள் இருந்தன; ஒன்று பார்ப்பதை மற்றது பார்க்காது.

வேறு எல்லைகளும் உண்டு. ஒப்பிடப்படுவது 'பைப்' செயலியும் 'சீக்' செயலியும் மட்டுமே. இரண்டும் ஒரே விதமாகக் கட்டளைத் தொகுப்பைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் நிரூபணம் அமைதியாகக் கடந்துவிடும். எதையும் ஏற்காத சுழற்சிக்கும் ஒப்புதல் தரப்படுவதால், ஒரேயடியாக உறைந்து நின்றுவிடும் பைப்லைன்கூடத் தேறிவிடும். அது முன்னேறிக்கொண்டே இருக்கும் என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். எந்தத் தொடக்க நிலையும் ஆகலாம் என்று விட்டுவிட்டால், நடைமுறையில் எட்டவே முடியாத நிலைகளிலிருந்து பொய்யான எதிர்க்காட்டுகள் வந்து நேரத்தைத் தின்னும். கருவியின் குறைகளையும் அறிக்கை மறைக்கவில்லை. வடிவமைப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதுவதற்கு யூக்ளிட் போதிய வசதி தரவில்லை என்று அந்தக் கருவியை உருவாக்கியவர்களுள் ஒருவரான பிரயன்ட்டே சொல்வது கவனிக்கத்தக்கது. பாடநூல் 64 பிட்டுக்கு மாறிய பின், 2018இல், பெர்க்கிலியில் புதிதாக எழுதப்பட்ட 'யூக்ளிட்5' கருவியைக் கொண்டு ஒய்86-64 பைப்லைன்களை அவர் மறுபடி சரிபார்த்து இன்னோர் அறிக்கை வெளியிட்டார்.

எங்கள் ஆய்வகத்தில் அந்தக் கருவிகளை முழுமையாக ஓட்டுவதற்குப் பருவத்தில் நேரம் இருப்பதில்லை. ஆகவே வேலையின் வரிசையை மட்டும் மாற்றியிருக்கிறோம். கட்டுப்பாட்டுத் தர்க்கத்தில் ஒரு வரி மாற்றினாலும், போலியாக்கியைத் தொடுவதற்கு முன், மூன்று நிலைமைகளையும் ஒவ்வொரு கட்டத்துக்கும் போகும் ஆணையையும் குறுக்கும் நெடுக்குமாக எழுதிய அட்டவணையைப் புதிதாக நிரப்பித் தர வேண்டும். புதிய உள்வகைக் கட்டளை சேர்ந்தால் அதற்கு ஒரு வரிசை கூடும். ஒரே கட்டத்தில் 'ஸ்டால்' குறியும் 'பபிள்' குறியும் விழும் பெட்டியைச் சிவப்பில் சுழித்து, எது வெல்ல வேண்டும், ஏன் என்பதைப் பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்ட பிறகே சோதனை ஸ்கிரிப்டை ஓட்ட அனுமதி.